இருபத்தாறு டிகிரி

ஏப்ரல் 27

பெட்டியோடு அண்ணா நகர் வீட்டுக்கு வந்தாயிற்று. கொளத்தூரில் கடைக்குப் பின்னால் நான் தங்கியிருந்த அறையைவிட இந்த வீட்டுச் சமையலறை பெரிது.

வீட்டுக்காரர் ஞானசேகரன் சார் இன்று காலை டொராண்டோவுக்கு விமானம் ஏறினார். அங்கே மகன் வீடு. அவர் மனைவி வசுமதி மேடத்தை மகன் போன வாரமே அழைத்துக்கொண்டு போய்விட்டானாம். திரும்பி வரும்வரை அவர்களுடைய கடல்தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டதால் காஜா பாய் என்னை அனுப்பியிருக்கிறார். மீன் கடையில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் கடல் தண்ணீர் சமாசாரம் எதுவானாலும், "தூத்துக்குடிக்காரி இருக்கா, அவளைக் கேளு" என்பார்.

தொட்டி மாடியில் ஒரு படுக்கையறையில் இருக்கிறது. நான்கடி நீளம். உள்ளே பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள், மஞ்சள் மீன் ஒன்று, பூப்போல விரிந்து சுருங்கும் ஓர் அனிமோன். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கீழே அலமாரிக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே ஒரு சிறிய கேமரா, அதில் தெரியும்படி தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் அளவுமானி.

"இது எங்க பொண்ணு ஆதிரையோட ரூம்" என்றார் சார், கிளம்பும் முன். "தண்ணி இருபத்தாறு டிகிரியிலேயே இருக்கணும். அது ஒண்ணுதான் மேடத்துக்கு முக்கியம். கேமரால அவங்க அப்பப்ப பாப்பாங்க. நீங்க உங்க வேலையைப் பாத்தா போதும். அப்புறம், கட்டில்ல உக்காராதீங்க, ப்ளீஸ்."

மகள் எங்கே என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தொட்டியருகே முழங்கை வரை வரும் நீல ரப்பர் கையுறைகள் தொங்கின. போட்டுப் பார்த்தேன். எனக்கென்றே வாங்கியதுபோல் இருந்தன. கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு நீள முடி விரலோடு வந்தது.

ஏப்ரல் 29

26.0. ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினேன். உப்பு சரி. கண்ணாடி துடைத்தேன்.

மே 2

மத்தியானம் கீழ் அலமாரிக்குள் தலையை விட்டு வடிகட்டிப் பஞ்சைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு பெண் குரல்.

"சாப்ட்டியா கண்ணு?"

எழுந்ததில் அலமாரி விளிம்பில் தலை இடித்தது. அறையில் யாரும் இல்லை. திரை போட்ட ஜன்னல், தொட்டியின் நீல வெளிச்சம், யாரும் படுக்காத கட்டில். குரல் கேமராவிலிருந்துதான் வருகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அதில் பேசவும் முடியும் என்று சார் சொல்லியிருக்கவில்லை.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குரல் தொடர்ந்தது. "வெயில்ல வெளியே போவாதே. முடியைத் தூக்கிக் கட்டிக்கோ. கழுத்து வேர்த்தா உனக்குச் சளி பிடிக்கும்."

அங்கே அப்போது விடியக்கூட இல்லை. அந்த நேரத்தில் மேடம் விழித்திருந்து பேசுகிறாள். என்னிடம் அல்ல.

சாயங்காலம் கடைக்குப் போய் காஜா பாயிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"அந்தப் புள்ள போன ஆகஸ்ட்ல தவறிப்போச்சும்மா. பத்தொம்பது வயசு. காலேஜ் டூர் போயிட்டு ஜுரத்தோட வந்துச்சு. அம்மா மாத்திரை குடுத்துப் படுக்க வெச்சாங்க. சாதா ஜுரம்னு நெனச்சாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள கை மீறிடுச்சு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாய்?"

"சொல்லியிருந்தா போயிருப்பியா? நீ மீனைப் பாரு. மனுஷங்களைப் பாக்காதே."

மே 4

கத்திரி ஆரம்பம். 26.2. சில்லர் நிற்காமல் ஓடுகிறது.

மத்தியானம் குரல் வந்தது. கையுறை போட்டு ஒரு பவளத்தை நகர்த்திக்கொண்டிருந்தேன். கேமராவில் என் கைகள் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. குரல் நின்றுவிட்டது. மூச்சு மட்டும் கேட்டது. நான் கையை வெளியே எடுக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

மே 7

காலையிலேயே கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் மோட்டார் ஓடும், கேமரா ஓடும். சில்லரை அது தாங்காது. தண்ணீர் மெதுவாக ஏறியது. கடல் இவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. நாலடித் தொட்டி சூடாகிவிடும். பவளம் அரை டிகிரி, ஒரு டிகிரியைப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் உடம்பிலிருக்கும் நிறத்தையெல்லாம் வெளியே தள்ளி வெள்ளையாகிவிடும். உறைய வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை எடுத்து ஒவ்வொன்றாக மிதக்க விட்டேன்.

27.1.

"இருபத்தேழா? ஏன் கண்ணு இப்படிக் கொதிக்குது உடம்பு?"

இன்னொரு பாட்டிலை மிதக்க விட்டேன்.

"அம்மா நெத்தியைத் தொட்டுப் பாத்தேன். லேசாத்தான் இருந்துது. நெசமா லேசாத்தான் இருந்துது. கண்ணு? சொல்லேன். குறையுதா?"

அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு யாராலும் சும்மா நிற்க முடியாது. "குறைஞ்சிடும்" என்றேன்.

பிறகு மிக மெதுவாக, "குறையுமா?"

"குறையும்மா."

எல்லாரையும் 'மா' போட்டுத்தான் பேசுகிறோம். கடைக்கு வருகிறவர்களையும் அப்படித்தான் அழைக்கிறேன்.

கரண்ட் வந்தது. பொழுது சாயும் முன் 26.3.

மே 9

நான் பேசவில்லை. 'ம்' என்றேன். அது பேச்சாகாது.

மே 11

இன்று அன்னையர் தினமாம். கடை வாட்ஸப்பில் எல்லோரும் பூப்படம் போட்டார்கள். தூத்துக்குடிக்கு அம்மாவை அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. பஞ்சு மாற்றினேன். 26.0.

மே 14

மத்தியானச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறேன். அந்த நேரத்தில்தான் வெப்பம் ஏறும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேடம் என்னென்னவோ சொல்கிறாள். டொராண்டோவில் வெண்டைக்காய் முற்றலாக வருகிறதாம். மருமகளுக்கு ரசம் வைக்கத் தெரியவில்லையாம். நான் 'ம்' என்கிறேன். சில சமயம் 'அப்படியா' என்கிறேன். முதலில் 'அப்படியா'வில் எங்கள் ஊர் இழுப்பு வந்துவிட்டது. மேடம் பாதியில் நிறுத்திவிட்டாள். இப்போது பார்த்துச் சொல்கிறேன்.

ஆதிரையின் மேசையில் கல்லூரி விழா படம் ஒன்று சட்டம் போட்டு இருக்கிறது. வாயைத் திறந்து எதையோ கத்திக்கொண்டிருக்கிறாள். குரல் எப்படி இருந்திருக்கும் என்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் வலித்ததால் கட்டிலில் உட்கார்ந்தேன்.

மே 16

ஞானசேகரன் சார் போன் செய்தார். முதல் தடவையாக அவர் குரலில் ஒரு தெம்பு.

"ஜெசிந்தா, தொட்டியை நல்லா பாத்துக்குறீங்க போல. மேடம் இப்போல்லாம் நேரத்துக்குச் சாப்புடுறா. நேத்து தலை சீவிப் பூகூட வெச்சுக்கிட்டா. ரொம்ப தேங்க்ஸ்மா."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படிச் சொல்வது? நல்லதுதானே நடக்கிறது.

மே 20

"கண்ணு, உன்னை ஒண்ணு கேக்கட்டா?"

"ம்."

"அன்னிக்கு நான் தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்கல. டிராயர்லதான் இருந்துது. எழுந்து போய் எடுக்க ரெண்டு நிமிஷம் ஆகாது. கையால தொட்டுப் பாத்துட்டு, ஒண்ணுமில்ல தூங்குன்னு சொல்லிட்டேன். உனக்கு என் மேல கோவமா?"

அனிமோன் கைகளை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. கோமாளி மீன் அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது.

"இல்லம்மா."

மேடம் அழுதாள். வயிற்றிலிருந்து வரும் அழுகை. கடைசியில், "என் தங்கமே" என்றாள். என்னை அப்படி யாரும் அழைத்து வெகுகாலம் ஆகிறது. என்னை அழைக்கவில்லை என்பது தெரியும்.

கீழே வந்து சோறு போட்டுக்கொண்டேன். தட்டை மூடி வைத்தேன். செத்துப்போன ஒரு பெண்ணின் மன்னிப்பை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் கொடுத்திருப்பாளோ மாட்டாளோ, யாருக்குத் தெரியும். மாடியிலிருந்து சில்லர் சத்தம் மூச்சு விடுவதுபோல் விட்டு விட்டுக் கேட்டது. இன்று அந்த அறைக்குள் மறுபடி போக மனம் வரவில்லை. வாசலில் நின்றபடியே எண்ணைப் பார்த்துக்கொண்டேன். 26.1.

மே 23

சார் மறுபடி அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"மனசுக்குன்னு டாக்டர் குடுத்த மாத்திரையை மேடம் நிறுத்திட்டா. ஆதிரை பேசுறா, எனக்கு எதுக்கு மாத்திரைங்கிறா. நேத்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு வாசல்ல போய் நின்னுட்டா. பொண்ணு வீட்ல தனியா இருக்கு, ஜுரம் வந்தா யார் பாப்பாங்கன்னு. பையன் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே கூட்டிட்டு வந்தான். ஜெசிந்தா, அந்த ரூமுக்கு வேற யாராவது வர்றாங்களா?"

"இல்ல சார்."

பொய் இல்லை. வேறு யாரும் வருவதில்லை.

மே 24

இன்று பதில் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"கண்ணு? தூங்குறியா? கண்ணு, அம்மா மேல கோவம்தான, சொல்லு. இல்லேன்னியே. அன்னிக்கு இல்லேன்னு சொன்னியே."

இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். கையை எடுத்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

மே 25

அப்படியேதான்.

மே 27

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. சாயங்காலத்துக்கு முன் வராது என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார். வெயில் கண்ணைக் குத்தியது. இன்வெர்ட்டரில் மோட்டாரையும் கேமராவையும் இன்டர்நெட்டையும் மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அணைத்தேன். உறைந்த பாட்டில்கள் மத்தியானத்துக்குள் உருகித் தீர்ந்துவிட்டன. 27.4. 27.9. அனிமோன் சுருண்டு பாறையில் ஒட்டிக்கொண்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சூடான தண்ணீரில் காற்று நிற்காது.

"கண்ணு, இருபத்தெட்டு காட்டுதே!"

நான் கையுறையோடு தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏறுதே. இப்பவும் ஏறுதே. யாராவது இருக்கீங்களா? என் பொண்ணுக்கு ஜுரம் ஏறுதுங்க. டாக்டரைக் கூப்புடுங்க! ஐயோ, யாராவது வாங்களேன்!"

பின்னால் சாரின் குரல், "வசு, வசு, இங்க பாரு" என்று. அதற்கு மேல் அவள் கத்தல்.

கையுறையைக் கழற்றி எறிந்தேன். கேமராவுக்கு நேராகத் தொட்டியின்மேல் குனிந்தேன்.

"மேடம். என்னைப் பாருங்க. நான் ஜெசிந்தா. காஜா பாய் கடையிலேருந்து வந்தவ. ஆதிரை இல்ல."

கத்தல் சட்டென்று அறுந்தது.

"இது தண்ணியோட சூடு மேடம். உடம்புச் சூடு இல்ல. ஆனா உள்ள இருக்கிறதெல்லாம் உசிரோட இருக்கு. நான் ஐஸ் வாங்கப் போவணும். நான் வார வரைக்கும் நம்பரைப் பாக்க ஆள் வேணும். நீங்க பாப்பீங்களா?"

அளவுமானியைக் கேமராவுக்கு நேராகத் திருப்பி வைத்தேன்.

"மேடம், பாப்பீங்களா? எனக்கு வேற ஆள் கிடையாது."

சார்தான் என் போனுக்கு அழைத்து மேடத்தின் கையில் கொடுத்தார். போனைத் துப்பட்டாவுக்குள் காதோடு செருகிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வில்லிவாக்கம் மீன் மார்க்கெட் போகும் வழியெல்லாம் காதில் வெறும் மூச்சு. ரயில்வே கேட் அருகே முதல் முறையாகப் பேசினாள்.

"இருபத்தெட்டு புள்ளி நாலு."

"சரி மேடம்."

ஐஸ் விற்பவர் கட்டியை உடைக்கும்போது, "இருபத்தெட்டு புள்ளி ஆறு. சீக்கிரம் வா" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஐஸைப் பிளாஸ்டிக் கவர்களில் போட்டு இறுக்கிக் கட்டினேன். உருகிய தண்ணீர் உள்ளே கலந்தால் உப்பு குறைந்துவிடும். அவள் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது நடுவில் கேட்டாள்.

"இத்தனை நாளும் நீயா?"

என்னால் நிமிர முடியவில்லை. "நான்தான் மேடம்."

லைனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். கையில் ஐஸ் சுட்டது. பிறகு அவள் குரல் வந்தது. முன்பு கேட்ட குரல் அல்ல. வறண்ட, வயதான குரல்.

"இருபத்தொம்பது. கவரைப் போடு."

போட்டேன். 28.8. 28.5. கைநிறைய அள்ளிப் போடப் பார்த்தேன்.

"அவசரமா இறக்காதே. அதுவும் ஆகாது. ஆதிரை சொல்லுவா" என்றாள். பிறகு ஒன்றும் பேசாமல் எண்ணை மட்டும் படித்தாள். அங்கே விடிந்து யாரோ காபி கொண்டுவந்து வைத்த சத்தம் கேட்டது. அவள் எடுத்துக் குடித்த மாதிரி தெரியவில்லை. கரண்ட் வந்து சில்லர் பிடிக்கும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு எழவில்லை.

26.4க்கு வந்த பிறகுதான் கணக்கெடுத்தேன். கோமாளி மீன்களில் ஒன்று பாறைக்குப் பின்னால் கிடந்தது.

"ஒண்ணு செத்துட்டு மேடம்."

"காட்டு."

வலையில் எடுத்துக் கேமராவுக்கு அருகே பிடித்தேன்.

"அவளை ஐசியூல வெச்சிருந்தப்ப என்னை வெளியே உக்கார வெச்சுட்டாங்க" என்றாள். "மானிட்டர்ல என்ன நம்பர் ஓடுச்சுன்னுகூட எனக்குத் தெரியாது."

அதன்பின் லைன் கட்டாகிவிட்டது.

மே 28

சார் அழைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீங்க செஞ்சதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னே எனக்குத் தெரியல. அவ ஒரு தாய். அவகிட்ட விளையாடிட்டீங்க."

"விளையாடல சார்."

"பின்ன எதுக்கு?"

எனக்குத் தெரியும் எதுக்கென்று. சொல்லவில்லை.

காஜா பாய் மாற்று ஆள் தேடுகிறார். அதுவரை இருக்கச் சொன்னார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. 26.0.

ஜூன் 1

பாதிப் பவளங்கள் வெளுத்துவிட்டன. எலும்பு தெரிகிற மாதிரி வெள்ளை. செத்துவிட்டன என்று இப்போதே சொல்ல முடியாது. சூடு மாறாமல் இருந்தால் சில பவளங்களில் நிறம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.

கேமரா பேசுவதே இல்லை. மத்தியானம் ஆனால் என் காது மட்டும் அதை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. இன்று தண்ணீர் ஊற்றும்போது, "சாப்ட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

ஜூன் 6

மாற்று ஆள் வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டாராம். இருவரும் திரும்பி வருகிறார்கள். மருத்துவர் சரி என்று சொல்லியிருக்கிறாராம். தொட்டியைத் தானே பார்த்துக்கொள்வதாக மேடம் பிடிவாதம். எப்படிப் பார்ப்பது என்று நான் இருந்து காட்டிவிட்டுப் போக வேண்டுமாம்.

ஜூன் 9

காலையில் வந்தார்கள். சார் என்னைப் பார்க்காமல் பெட்டிகளை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். மேடம் நான் நினைத்ததைவிடக் குள்ளம். முடி முழுக்க நரைத்திருந்தது. நான் கேட்ட குரலுக்கு இவ்வளவு சின்ன உடம்பா என்று இருந்தது.

"வாங்க மேடம்" என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டே, "பேசாதே. பேசாம காட்டு" என்றாள்.

அப்படியே செய்தேன். மாடி ஏறினோம். அறை வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். ஒரு வார்த்தை இல்லாமல் ஒவ்வொன்றாகக் காட்டினேன். தண்ணீர் எந்தக் கோடுவரை நிற்க வேண்டும், எந்த வாளியில் நல்ல தண்ணீர், சில்லரின் தூசியை எப்படித் தட்டுவது, பாட்டில்களை எங்கே உறைய வைப்பது. அவள் தலையாட்டினாள். வெளுத்த பவளங்களைப் பார்த்தாள். துணை இழந்த மீன் கண்ணாடிக்கு அருகே வந்தது. அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வெறும் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். முழங்கைவரை விட்டு அப்படியே நின்றாள். இன்னொரு கையால் அளவுமானியைத் தன் பக்கம் திருப்பி எண்ணைப் படித்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

நான் கீழே வந்து என் பெட்டியை எடுத்தேன். கேட்டைத் திறக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். மேடம் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"ஒரே ஒரு தடவை" என்றாள். "ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்புடு. அதுக்கப்புறம் கேக்க மாட்டேன்."

உள்ளே சார் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

மத்தியானங்களில் பேசிய அந்தக் குரல் தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். எங்கள் தெருவில் நான் எப்படிப் பேசுவேனோ அப்படி, என் இழுப்போடு, என் தடித்த குரலில் சொன்னேன்.

"போயிட்டு வாரேம்மா."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். காற்றில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் சற்று நேரம் அப்படியே நின்றாள்.

"அவ இல்ல" என்றாள்.

"இல்ல."

கோபம் இல்லை. அவள் முகத்தில் இருந்ததற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. கையிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீரை வழித்து உதறினாள். "வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டு, திரும்பி மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, வேகமாக உள்ளே போனாள்.